வெள்ளை வேட்டியும் கருப்புக் குடையும்: மலை வானிலையைப் படமெடுப்பவர்களுக்கு எக்ஸ்போஷர் பாடம்

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைக்கு மேலே சாலை வளையும் இடத்தில் ஒரு காலை நின்றுகொண்டிருந்தேன். முதுகில் 12 கிலோ பை. கீழே படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்கள். பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு மேலேறி வந்து ஊரின் கூரைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கறந்த பாலைப் போல அப்படியொரு வெண்மை. அவசரமாகப் பையை இறக்கிக் கேமராவை எடுத்து நான்கைந்து படம் எடுத்தேன். திரையில் தெரிந்ததோ பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறம்.

மலைக்குப் போய் வந்த பெரும்பாலானோருக்கு இந்த ஏமாற்றம் தெரியும். “நேரில் பார்த்தபோது இருந்த அழகு படத்தில் வரவில்லை” என்பார்கள். உடனே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். விலை உயர்ந்த கேமரா வேண்டும் என்பார் ஒருவர். ஃபில்டர் போடவில்லை என்பார் இன்னொருவர். எல்லாம் எடிட்டிங்கில்தான் இருக்கிறது என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். இவற்றில் எதுவும் முதல் காரணம் இல்லை. முதல் காரணம் எக்ஸ்போஷர். இந்தச் சொல்லை எல்லோரும் சொல்கிறோம். அது எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று கேட்டால்தான் தடுமாறுகிறோம்.

எக்ஸ்போஷர் என்பது ஒரு படத்துக்காகக் கேமராவுக்குள் அனுமதிக்கப்படும் ஒளியின் மொத்த அளவு. அதிகமானால் படம் வெளுக்கும், குறைந்தால் இருளும். அவ்வளவுதான் வரையறை. சிக்கல் என்னவென்றால், எவ்வளவு ஒளி போதும் என்பதைப் பெரும்பாலும் கேமராவே முடிவு செய்கிறது. மலை வானிலையில் அந்த முடிவு அடிக்கடி தவறிப்போகிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை

மலைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள். வெளுத்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கொடியில் விரித்துப் போடுங்கள். வேட்டியைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி நெருங்கி நின்று, கேமராவை ஆட்டோ முறையில் வைத்து ஒரு படம் எடுங்கள். அதே வெளிச்சத்தில் கருப்புக் குடை ஒன்றை விரித்து, அதன் துணி மட்டும் சட்டகம் முழுவதும் நிறைய இன்னொரு படம் எடுங்கள்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வேட்டி சாம்பல் பூத்திருக்கும். குடையும் சாம்பலாகத்தான் இருக்கும். கண்ணுக்குப் பளிச்சென்று வேறுபட்டுத் தெரிந்த இரண்டு பொருள்கள் படத்தில் கிட்டத்தட்ட ஒரே நிறத்துக்கு வந்து நிற்கும். புதிய கைபேசிகள் காட்சியை ஓரளவு ஊகித்துத் திருத்திக்கொள்வதால் அவற்றில் வித்தியாசம் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். ஆனாலும் வேட்டி வேட்டியின் வெண்மையோடு வருவது அரிது.

பூம்பாறையில் எனக்கு நடந்தது இதேதான். மஞ்சு என்பது பள்ளத்தாக்கு முழுக்க விரித்துப் போட்ட ஒரு வேட்டி.

படியால் அளக்கும் கேமரா

நெல் அளக்கும் படியை நினைத்துக்கொள்ளுங்கள். அளப்பவர் படியில் அள்ளிப் போட்டுக் கையால் தலைதட்டிவிடுவார். உள்ளே இருப்பது நெல்லா, கம்பா, உளுந்தா என்பது படிக்குத் தெரியாது. விளிம்பு மட்டம்தான் அதன் கணக்கு.

கேமராவுக்குள் மீட்டர் என்றொரு கருவி இருக்கிறது. எதிரே இருக்கும் காட்சியிலிருந்து வரும் ஒளியை அளப்பது அதன் வேலை. அந்தக் காட்சி வேட்டியா, குடையா, மஞ்சா, பாறையா என்பது அதற்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குத் தலைதட்டிவிடுகிறது. அந்த மட்டத்துக்கு நடுச்சாம்பல் என்று பெயர்: கருப்புக்கும் வெள்ளைக்கும் இடையில், நம் கண்ணுக்கு நடுவாகத் தோன்றும் சாம்பல். புகைப்படக் கடைகளில் கிடைக்கும் சாம்பல் அட்டை, தன் மேல் விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்படி செய்யப்பட்டது. மரபாக அதைத்தான் நடுச்சாம்பலுக்கு அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

18 சதவீதம் எப்படி நடுவாகும் என்று கேட்கத் தோன்றும். நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. இருண்ட அறையில் ஒரு விளக்கோடு இரண்டாவது விளக்கை ஏற்றினால் பெரிய மாற்றம் தெரிகிறது. பத்து விளக்கு எரியும் கூடத்தில் பதினோராவதை ஏற்றினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளி நமக்கு நடுவாகத் தெரிகிறது.

சாதாரணத் தெருவில், மரமும் வீடும் மனிதர்களும் கலந்த காட்சியில், இந்தத் தலைதட்டல் நன்றாகவே பொருந்துகிறது. வெள்ளையும் கருப்பும் கலந்து சராசரி நடுவில் வந்து விழுந்துவிடும். மலையில் வானிலை மாறும்போதுதான் காட்சி ஒரு பக்கமாகச் சாய்கிறது. மஞ்சு இறங்கினால் எங்கும் வெள்ளை. இடிமழை திரண்டால் எங்கும் கருமை. அங்கே சராசரிக்குப் பொருளே இல்லை.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: கேமரா காட்சியைப் புரிந்துகொண்டு அளப்பதில்லை, எதைக் காட்டினாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கிறது. அதனால் வெள்ளைக் காட்சி அழுக்காகிறது, கரிய காட்சி வெளிறுகிறது.

குவித்து அளக்கவும் குறைத்து அளக்கவும்

தலைதட்டாமல் குவித்து அளந்து போடச் சொல்வது நம் ஊர்ச் சந்தையில் புதிதில்லை. கேமராவிடமும் அப்படிச் சொல்லலாம். அதற்கான பொத்தானில் கூட்டல் கழித்தல் குறிகள் இருக்கும். இதற்கு எக்ஸ்போஷர் ஈடு என்று பெயர் வைத்துக்கொள்வோம்: மீட்டர் சொன்ன அளவைவிட இவ்வளவு கூட்டு அல்லது குறை என்று நாம் இடும் கட்டளை. கைபேசியில் திரையைத் தொட்டால் பெரும்பாலும் சிறு சூரியக் குறி ஒன்று தோன்றும். அதை மேலே இழுத்தால் கூட்டல், கீழே இழுத்தால் கழித்தல். விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல கைபேசிகளில் அந்த அளவு பூட்டிக்கொள்ளும்.

இந்த அளவை ஸ்டாப் என்ற அலகில் எண்ணுகிறார்கள். ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு, ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதி. மஞ்சு சட்டகத்தை நிறைக்கும்போது பிளஸ் 1 வைத்துத் தொடங்குங்கள். வெயில் ஊடுருவி ஒளிரும் மஞ்சானால் ஒன்றரை வரை போகலாம். இமயத்தில் புதுப்பனி மேல் வெயில் விழும்போது இரண்டு வரைகூடத் தேவைப்படும். கரிய மழை மேகம் வானை அடைத்து நின்றால் மைனஸ் 1. முதல்முறை பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். வெளிச்சமான காட்சிக்கு ஏன் இன்னும் ஒளி சேர்க்க வேண்டும் என்று குழம்புவார்கள். வேட்டி சாம்பலாகிப் போனதை நினைத்துப் பாருங்கள். விடை அதில் இருக்கிறது.

படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கக் கேமராவிடம் இருப்பவை மூன்று வழிகள். லென்ஸின் துளையை விரிப்பது அல்லது சுருக்குவது அப்பர்ச்சர். ஒளியை உள்ளே விடும் ஷட்டர் என்ற திரை திறந்திருக்கும் நேரம் ஷட்டர் வேகம். மூன்றாவதான ஐ.எஸ்.ஓ. பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். அதைக் கூட்டினால் கேமராவுக்குள் வரும் ஒளி ஒரு துளியும் கூடாது. மைக் செட்டில் ஒலியைக் கூட்டுவதைப் போல, வந்த சமிக்ஞையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் உயர்வதைப் போலப் படத்திலும் மணல் தூவியது போன்ற புள்ளிகள் எழும். புதியவர்கள் இப்போதைக்கு இந்த மூன்றையும் கேமராவிடமே விட்டுவிட்டு, ஈடு ஒன்றை மட்டும் தங்கள் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

மீட்டர் சொல்வதை அப்படியே ஏற்காமல், இந்த இடம் படத்தில் எவ்வளவு வெளிச்சமாக வர வேண்டும் என்று படமெடுப்பவரே முதலில் தீர்மானிக்கும் இந்தச் சிந்தனைக்கு ஒரு முறையான வடிவம் கொடுத்தவர்கள் புகைப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும். 1940ஐ ஒட்டி அமெரிக்காவில் அவர்கள் வகுத்த மண்டல முறை, ஆழ்ந்த கருப்பு முதல் தூய வெள்ளை வரை படத்தின் நிறங்களைப் படிகளாகப் பிரித்தது. யோசெமிட்டி மலைகளின் புயல் மேகங்களை ஆடம்ஸ் கருப்பு வெள்ளையில் பதிவுசெய்தது இந்தப் பிடிமானத்தோடுதான்.

முற்றத்தில் வைத்த குடங்கள்

அப்படியானால் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால், கூடாது. ஏன் என்று புரிந்துகொள்ள ஓட்டு வீட்டு முற்றத்துக்குப் போக வேண்டும்.

மழை வரும் நேரத்தில் முற்றத்தில் குடங்களை வரிசையாக வைப்போம். கேமராவில் படம் விழும் தகட்டுக்கு சென்சார் என்று பெயர். அதில் கோடிக்கணக்கான நுண்குடங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரமெல்லாம் ஒளி அவற்றில் மழையாகப் பெய்கிறது. பின்னர் ஒவ்வொரு குடத்திலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேமரா கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கே படம்.

நிரம்பி வழிந்த குடத்தைப் பார்த்து எவ்வளவு மழை பெய்தது என்று சொல்ல முடியாது. பக்கத்துக் குடமும் வழிந்திருந்தால், இரண்டில் எதன் மேல் அதிகம் பெய்தது என்பதும் தெரியாது. படத்தில் அந்த இடம் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். மேகத்தின் மடிப்பு, விளிம்பின் பொன்னிறம் எல்லாம் போய்விடும். எந்த எடிட்டிங்கும் அதை மீட்காது, மீட்க அங்கே தகவலே இல்லை. குடத்தின் அடியில் ஒரு கை அளவு தண்ணீர் இருந்தால் அதையாவது அளந்துவிடலாம். ஆகவே நிழல் சற்று இருண்டு போனாலும் பின்னால் ஓரளவு தூக்கலாம், வழிந்த வெளிச்சத்தை இறக்க முடியாது.

குடத்தின் அடி முதல் விளிம்பு வரை ஒரே படத்தில் அடக்கக்கூடிய வெளிச்ச வேறுபாட்டை ஒளிவீச்சு என்கிறோம். இன்றைய நல்ல கேமராக்களில் அது 12 முதல் 14 ஸ்டாப் வரை இருக்கிறது. சூரியனும் நிழல் பள்ளத்தாக்கும் ஒருசேர நிற்கும் மலைக்காட்சி அதையும் மிஞ்சிவிடும். நம் கண் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? கண் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. மேகத்துக்குப் போகும்போது பாவை சுருங்குகிறது, பள்ளத்துக்கு இறங்கும்போது விரிகிறது. மூளை அவற்றைத் தைத்து ஒரே காட்சியாக நமக்குத் தருகிறது. கைபேசிகள் வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படங்களைச் சட்டென்று எடுத்து ஒன்றாக இணைப்பதும் கண் செய்யும் இந்த வேலையைப் போன்றதுதான்.

இதற்கெல்லாம் கண்ணாடி போல ஒரு வரைபடம் கேமராவிலேயே இருக்கிறது: ஹிஸ்டோகிராம். எத்தனை குடங்கள் காலி, எத்தனை பாதி, எத்தனை நிறைந்தவை என்பதை இடமிருந்து வலமாகக் குன்று வடிவில் காட்டும் வரைபடம் அது. இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை. குன்று வலது சுவரில் மோதி நின்றால் வழிந்துவிட்டது என்று பொருள். மலையில் திரையின் படத்தை நம்பவே நம்பாதீர்கள். உச்சி வெயிலில் அது இருட்டாகத் தெரியும், விடியலுக்கு முந்தைய இருளில் விளக்குப் போலப் பளிச்சிடும். வரைபடத்தை நம்புங்கள்.

சுருக்கமாக: வெள்ளைக் காட்சிக்குக் கூட்டு, கரிய காட்சிக்குக் குறை. எவ்வளவு கூட்டினாலும் வலது சுவரைக் குன்று இடிக்கவிடாதே.

மஞ்சுக்குள் நிற்கும்போது

மஞ்சு என்பது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேகம்தான். அதன் நீர்த்துளிகள் தலைமுடியின் தடிமனைவிட மிகச் சிறியவை. ஆனால் ஒளி அலைகளோடு ஒப்பிட்டால் பெரியவை. அதனால் சிவப்பு, நீலம் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிக்கின்றன. எல்லாம் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. நமக்கும் மரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரமோ அவ்வளவு துளிகள், அவ்வளவு வெள்ளை. பத்தடியில் நிற்கும் மரம் கருப்பாகவும், ஐம்பதடியில் நிற்பது சாம்பலாகவும், அதற்கு அப்பால் இருப்பது பென்சிலில் மெல்லத் தீற்றியதாகவும் தெரிவது இதனால்தான்.

இங்கே ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் குன்று ஒல்லியாக நடுவில் நிற்கும். காட்சியில் ஆழ்ந்த கருப்பும் இல்லை, கண்ணைப் பறிக்கும் வெள்ளையும் இல்லை. அதனால் மஞ்சில் குடம் வழியும் ஆபத்து குறைவு, துணிந்து கூட்டலாம். குன்று வலது பக்கம் நகர்ந்து, சுவருக்குச் சற்று இடைவெளி விட்டு நின்றால் வேட்டி வெளுத்துவிட்டது. முன்னால் ஒரு கரிய பொருள் மட்டும் இருக்கட்டும்: ஒரு மரக்கிளை, வேலிக்கல், தலைச்சுமையோடு நடந்துபோகும் ஒருவர். அது இல்லாவிட்டால் வெண்மை எவ்வளவு வெண்மை என்று காட்ட எதுவும் இருக்காது. ஃபோகஸையும் அந்தக் கரிய பொருளின் விளிம்பில் வையுங்கள். வெறும் மஞ்சில் பிடிப்பதற்கு எதுவும் இல்லாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும்.

லென்ஸின் முன்கண்ணாடியில் துளி படிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் பாருங்கள். உலர்ந்த பருத்தித் துணியைச் சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருப்பது என் வழக்கம். முதுகுப் பையில் வைத்தது எப்படியும் நனைந்துவிடும்.

மேகம் வழியும் மலைமுகடு

மேற்குத் தொடர்ச்சி மலையில் எனக்கு மிகப் பிடித்த காட்சி, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளப் பக்கத்திலிருந்து முகட்டைத் தாண்டித் தேனிப் பக்கம் வழியும் மேகம். அருவி போலவே இருக்கும், ஆனால் அடிவாரம்வரை வருவதில்லை. பாதி வழியில் கரைந்துவிடும்.

காரணம் எளிது. ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகமாகாத காற்று 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் குளிரும். குளிர்ந்த காற்றால் தன் ஈரம் முழுவதையும் ஆவியாக வைத்திருக்க முடியாது. மிச்சம் துளியாகிறது, மேகம் பிறக்கிறது. மறுபுறம் இறங்கும்போது அதே காற்று சுருங்கிச் சூடாகிறது, துளிகள் மீண்டும் ஆவியாகின்றன. முகட்டின் இந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதியாக இருப்பதும் இதனால்தான்.

படமெடுப்பவருக்கு இங்கே பெரிய சோதனை காத்திருக்கிறது. வெயில் பட்ட மேகம் பளீரென்று வெள்ளை, அதன் கீழே சரிவோ கரும்பச்சை. சட்டகத்தில் சரிவு அதிகமாக இருந்தால் மீட்டர் அதைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும், மேகக் குடங்கள் வழிந்துவிடும். இந்த இடத்தில் மேகத்துக்காக அளக்க வேண்டும்: மைனஸ் 1 வைத்து எடுத்து, வலது சுவரைப் பார்த்து, தேவையென்றால் இன்னும் குறைக்க வேண்டும். சரிவு இருண்டு போகட்டும். கேமராவில் ரா வடிவில் சேமிக்கும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ரா என்பது சென்சார் எடுத்த கணக்கை வெட்டிக் குறைக்காமல் வைக்கும் கோப்பு. வழக்கமான ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளைத்தான் வைக்கும். 14 பிட் ரா 16,384 படிகளை வைக்கும். இருண்ட சரிவை வீட்டில் தூக்கும்போது இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

கொழுக்குமலையில் விடியற்காலையில் தெரியும் மேகக்கடலின் கதை வேறு. இரவில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தில் இறங்கித் தங்குகிறது, அதன் மேல் சூடான காற்று மூடியாக அமர்கிறது. மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று இங்கே மாறி நிற்பதால் இதை வெப்பத் தலைகீழ் நிலை என்கிறார்கள். மூடிக்குக் கீழே மேகம் தட்டையாகப் பரவிக்கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கலைந்துவிடும். ஆகவே சூரியன் எழுவதற்கு அரைமணி முன்பே இடம் பிடித்து நிற்க வேண்டும். அந்த நேரத்து நீலத்துக்கு ஈடு எதுவும் வேண்டாம், பூஜ்யத்திலேயே நன்றாக வரும். சூரிய விளிம்பு தலைகாட்டியதும் மைனஸ் 1, பிறகு மைனஸ் 2. சூரியன் வழிந்துதான் தீரும், அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். அதைச் சுற்றியுள்ள மேகத்தைக் காப்பாற்றினால் போதும்.

முதுகுக்குப் பின்னால் சூரியன், முன்னால் பள்ளத்தில் மஞ்சு என்று அமைந்தால் உங்கள் நிழலே மஞ்சின் மேல் விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் தோன்றலாம். ஜெர்மனியின் ப்ரோக்கன் மலையின் பெயரால் அறியப்படும் காட்சி இது. மகாராஷ்டிரத்தின் ஹரிச்சந்திரகட் மலை விளிம்பிலும் மழைக்காலத்தில் தெரியும். பார்த்துவிட்டால் பிளஸ் 1 வைத்து எடுத்துவிடுங்கள், சில நொடிகள்தான் நிற்கும்.

இடி கேட்டால்

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இடிமேகம் திரளும்போதுதான் மலை அதிக அழகாக இருக்கிறது, அப்போதுதான் உயிருக்கு ஆபத்தும் அதிகம். மின்னலைப் பார்த்ததும் நொடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய 3 நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. டிரைபாடை மடக்கி, முகட்டையும் தனிமரத்தையும் விட்டு விலகி, உடனே இறங்கிவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழியாமல் திரும்ப ஏற வேண்டாம். வனப்பகுதிப் பாதையானால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். வழிகாட்டி “போதும், இறங்கலாம்” என்றால் அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.

காத்திருக்கும் அந்த அரைமணி வீண் இல்லை. மாலை மழை விட்டதும் மேற்கே மேகம் கிழிந்து, சாய்ந்த வெயில் கிழக்கே இருக்கும் சரிவில் விழும். பின்னால் கருமேகம் திரை போட்டு நிற்கும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். சூரியன் அடிவானத்திலிருந்து 42 டிகிரிக்குக் கீழே இருந்தால் வானவில் தோன்ற வாய்ப்பு உண்டு. மீட்டர் அந்தக் கருமேகத்தைப் பார்த்து வெளுக்கத்தான் பார்க்கும், வெளுத்தால் வானவில்லின் நிறமும் கரைந்துபோகும். ஈடு மைனஸ் 1இல் இருக்கட்டும்.